இடைவேளைக்கு முன் குழாய் வரக் கூடாது

உலகத்தில் கதை சொல்கிறவர்கள் இருக்கிறார்கள், கதை கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். இரண்டிலும் சேராத மூன்றாவது இனம் ஒன்று உண்டு. அடுத்தவர் வாயிலிருந்து கதை பாதி வெளியே வந்துகொண்டிருக்கும்போதே அதைப் பிடித்து இழுத்து, முன்னதைப் பின்னதாக்கி, பின்னதை முன்னதாக்கி, நடுவில் ஒரு இடைவேளையையும் செருகி, சொன்னவரிடமே திருப்பிக் கொடுத்து, 'இப்போ எப்படி இருக்கு?' என்று கேட்கிற இனம். இவர்களுக்கு நான் திரைக்கதை ஆசாமி என்று பெயர் வைத்திருக்கிறேன். உங்களுக்கு வேறு பெயர் தோன்றினால் அதையே வைத்துக்கொள்ளுங்கள்.

சினிமாக் கம்பெனியில் சம்பளம் வாங்குகிறவர்களைச் சொல்கிறேன் என்று நினைத்துவிட வேண்டாம். ஸ்டுடியோவில் வேலை பார்ப்பவனுக்கு விளக்கைத் தூக்கவும் திரையை மாட்டவுமே நேரம் சரியாக இருக்கும்; அவன் கதையைப் பற்றி ஏன் கவலைப்படுகிறான்? நம் ஆசாமியைப் பம்பாயில் மாதுங்கா ஸ்டேஷன் பெஞ்சில் பார்க்கலாம், செம்பூர் பஸ் கியூவில் பார்க்கலாம், தாராவியில் எந்தச் சாயாக்கடையிலும் பார்க்கலாம். ஞாயிற்றுக்கிழமை காலைக் காட்சித் தமிழ்ப் படம் முடிந்து ஜனங்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வரும்போது, கண் துடைக்காமல், உதட்டைப் பிதுக்கிக்கொண்டு, 'பதினாலாவது ரீல்ல அடிச்சிருக்கணும்' என்று தனக்குத் தானே பேசிக்கொண்டு வருகிறாரே, அவர்தான்.

அவரிடம் ஒரு சமாசாரத்தைச் சொல்லிப் பாருங்கள். ரயில் தாதரில் நாற்பது நிமிஷம் நின்றுவிட்டது என்பீர்கள். நின்று என்ன ஆயிற்று என்பார். அப்புறம் கிளம்பிவிட்டது என்பீர்கள். அவ்வளவுதானா என்று உங்களை ஒரு பார்வை பார்ப்பாரே, நீங்களே அந்த ரயிலைத் தடம் புரட்டாமல் வந்ததற்கு வெட்கப்பட்டுப் போவீர்கள். மாமனார் காலமாகிவிட்டார் என்று சொன்னால் முகம் வாடும், நிஜமாகவே வாடும். ஆனால் அடுத்த நிமிஷமே, 'இருமல்னு ஒரு சீன் கூட வரலையே, திடுதிப்புனு முடிச்சிட்டீரே' என்று உங்கள் மேல் வருத்தப்படுவார். மாமனாரை நீங்களா முடித்தீர்கள்? இருந்தாலும் மன்னிப்புக் கேட்கத் தோன்றும்.

தாராவியில் எங்கள் சாலில், அதாவது ஒற்றை அறைகள் வரிசையாக உள்ள குடியிருப்பில், இப்படி ஒருவர் இருக்கிறார். பிரம்மநாயகம் என்று பெயர், தென்காசிப் பக்கம் ஊர், மாதுங்காவில் பெயிண்ட் கடை ஒன்றில் குமாஸ்தா. ஒரே ஒரு முறை செம்பூரில் ஒரு ஸ்டுடியோவுக்கு எட்டு டப்பா நீலப் பெயிண்ட் கொண்டுபோய் இறக்கிவிட்டு, கையெழுத்து வாங்கிக்கொண்டு வந்திருக்கிறார். அன்றிலிருந்து, 'நான் சினிமாவில இருந்தப்போ' என்றுதான் பேச்சை ஆரம்பிப்பார். ஏதோ ஒரு படத்தில் வானம் நீலமாக இருந்தால் எங்கள் பக்கம் திரும்பி லேசாகச் சிரிப்பார்.

அவருடைய சாஸ்திரம் முழுக்க மூன்று டம்ளரில் அடங்கியது. சாயாக்கடைக்கு வந்ததும் எதிரே இருப்பவரின் டம்ளர், பக்கத்தில் இருப்பவரின் டம்ளர், தன் டம்ளர் மூன்றையும் வரிசையாக வைத்துக்கொள்வார். 'ஒருத்தனுக்கு ஒண்ணு வேணும்' என்று முதல் டம்ளரைத் தட்டுவார். 'அத இன்னொருத்தன் கொடுக்க மாட்டேங்கான்' என்று இரண்டாவதைத் தட்டுவார். 'கிடைக்குது, இல்லாட்டி உயிரு போகுது' என்று மூன்றாவதைத் தட்டுவார். இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் நடுவே விரலை வைத்து, 'இங்கதான் இடைவேளை' என்பார். இதற்குள் மூன்று சாயாவும் ஆறிப்போய் ஆடை கட்டியிருக்கும். அவர் மனைவி செண்பகவல்லி கெட்டிக்காரி. இந்த மனுஷனிடம் குடித்தனம் நடத்தி நடத்தி அவளுக்கும் முறை தெரிந்துவிட்டது. 'கிளைமாக்ஸை மட்டும் சொல்லுதேன், அரிசி இல்ல' என்று பையைக் கையில் கொடுத்து அனுப்பிவிடுவாள்.

இந்த மட்டோடு நின்றிருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன். சாயாவை ஆறவைப்பது பெரிய குற்றமா என்ன? ஆனால் அறுபத்து நாலாம் வருஷம் மே மாதம் எங்களுக்குத் தண்ணீர்க் கஷ்டம் வந்தது.

தோல் கிடங்குகளுக்குப் பின்னால் அறுபத்து நாலு அறை, ஒரே குழாய். விடிகாலை நாலரைக்கு வரும், ஆறரைக்கு நிற்கும். குழாயடியில் விசில் வைத்துக்கொண்டு வரிசையைப் பார்த்துக்கொள்பவர் வெயிலுமுத்து. ஈயைக்கூடக் கடிந்து பேசாத மனுஷன், யாராவது முந்தினால் விசிலை ஊதாமல், 'கொஞ்சம் தள்ளி நில்லுங்க தாயி' என்று கெஞ்சுவார். அந்த வரிசையில் மூன்றரை மணிக்கே வந்து நிற்பவள் சொர்ணம்மாள். புருஷன் போன பிறகு இட்லி அவித்துக் கூடையில் வைத்துப் பட்டறை பட்டறையாக விற்று இரண்டு பெண்களை வளர்ப்பவள். தண்ணீர் இல்லாத நாளில் மாவு அரைக்க முடியாது, அரைக்காத நாளில் அடுப்பு எரியாது. மூன்றரைக்கே வந்தும் முறை வருவதற்குள் குழாய் நின்றுவிட, அந்த மாதம் வாரத்தில் மூன்று நாள் அவள் கூடை வீட்டிலேயே கவிழ்ந்து கிடந்தது. அதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

எனக்கு இங்கிலீஷ் கொஞ்சம் வரும். உட்கார்ந்து ஒரு மனு எழுதினேன். அறுபத்து நாலு குடும்பம், ஒரு குழாய், போதவில்லை. இன்னொன்று போட்டுக் கொடுங்கள். மூன்றே வரி. கிழக்கு வரிசைக்கு இன்னொரு குழாய் என்று படமும் போட்டேன். பத்தாவது நாள் பதில் வந்தது: சனிக்கிழமை பதினோரு மணிக்குத் தண்ணீர்க் குழாய் ஆபீஸிலிருந்து ஓர் அதிகாரி நேரில் வந்து பார்ப்பார், அவர் கையெழுத்துப் போட்டால் மழைக்கு முன் குழாய், போடாவிட்டால் மழை முடிந்து, அதாவது அக்டோபரில், மறுபடி யோசிப்பார்கள். அக்டோபர் வரைக்கும் தாங்காது என்று சொர்ணம்மாள் சொன்னாள். அவள் எதையும் கூட்டிச் சொல்கிறவள் இல்லை.

மனுவின் நகலை பிரம்மநாயகம் கேட்டு வாங்கினார். தமிழில் சொல்லச் சொல்லிக் கேட்டார். கேட்டு முடித்துவிட்டு என்னைப் பார்த்தார். அந்த ரயில் பார்வைதான்.

"தண்ணி இல்ல, தண்ணி வேணும், தாங்க. இதுல கதை எங்கவே இருக்கு?"

"இது மனு அண்ணாச்சி."

"மனுவா இருந்தா என்ன? கேக்கவன் மனுசன்லா? முத டம்ளர் இருக்கு, மூணாவது டம்ளர் இருக்கு. நடுவுல வெறும் பெஞ்சுவே இருக்கு. ஆபீசரு வருவாரு, பாப்பாரு, போயிருவாரு. நான் சினிமாவில இருந்தப்போ இந்த மாதிரி எத்தன பாத்திருக்கேன்."

இங்கே எங்கள் தவறையும் ஒப்புக்கொள்ள வேண்டும். பம்பாய்க்கு வந்த நாளிலிருந்து ஆபீஸ் வாசலில் பேசத் தெரியாமல் கைகட்டி நின்றே பழகியவர்கள் நாங்கள். பேசத் தெரிந்தவர் என்று ஒருவர் முன்னால் வந்தால் ஒதுங்கி வழி விடுவதுதான் எங்கள் வழக்கம். விட்டோம்.

வெள்ளிக்கிழமை மாலைக்குள் எல்லோருக்கும் வேஷம் கொடுத்தாகிவிட்டது. வெயிலுமுத்து வில்லன். 'நான் என்னய்யா தப்பு பண்ணினேன்' என்று அவர் கண் கலங்கினார். விசில் கையில் இருக்கிறதே, வேறு யார் வில்லன் ஆக முடியும் என்று கேட்டார் பிரம்மநாயகம். சொர்ணம்மாள் கதாநாயகி, குடம் உடைந்து மயங்கி விழ வேண்டும். 'இருக்கது ரெண்டு குடம், ரெண்டும் பித்தள' என்றாள் அவள். மண்குடம் ஒன்றைத் தேடிக்கொண்டு செண்பகவல்லி சாலின் கடைசி அறை வரைக்கும் போனாள். தோல் பை பட்டறை வைத்திருந்த மன்சூர் அலிக்குக் கதாநாயகியின் அண்ணன் போன்ற நண்பன் வேஷம், உயிர்த்தியாகம்.

"நா எதுக்கு அண்ணாச்சி சாவணும்? திங்கக்கெழம எரநூறு பை கொடுக்கணும், ஆர்டரு இருக்கு."

"செகண்ட் ஹாஃப்லதானவே சாகுதீரு. அதுக்கு இன்னும் நேரம் இருக்கு."

எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு கட்டளை போட்டார். இடைவேளைக்கு முன்னால் குழாய் என்ற வார்த்தை யார் வாயிலும் வரக் கூடாது. தண்ணீர் என்ற வார்த்தையும் கூடாது. 'என்ன வேணும்னு மொதல்லயே சொல்லிட்டா, அப்புறம் அந்த ஆளு எதுக்கு உக்காந்து கேக்கான்?' என்றார். கேட்கும்போது எனக்கே சரி போலத்தான் பட்டது.

சனிக்கிழமை விடிகாலை நாலரைக்கு ஒத்திகை. எல்லோரும் ஒரே இடத்தில் கூடுகிற நேரம் அது ஒன்றுதானே? குழாயடியில் வரிசையைக் கலைத்து, வட்டமாக நிற்கவைத்து, சொர்ணம்மாளை ஏழு முறை விழவைத்தார். ஏழாவது தடவையும் விழுகிற மாதிரி இல்லை, படுக்கிற மாதிரி இருக்கிறது என்றார். வெயிலுமுத்துவுக்குச் சிரிக்கச் சொல்லிக் கொடுத்தார். அந்த மனிதர் விக்கல் வந்தவர்போல் ஏதோ செய்தார். இதற்குள் மணி ஆறரை. குழாய் ஒரு முறை செருமியது, நின்றுவிட்டது. பாதிப் பேர் குடம் காலி. சாயாக்கடைக்காரரும் அந்தப் பாதியில் ஒருவர். சொர்ணம்மாள் எழுந்து, முழங்கையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டு, காலிக் குடத்தை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டாள். அன்றைக்கும் கூடை கவிழ்ந்தது.

பதினோரு மணிக்கு அதிகாரி வந்தார். சேஷகிரி என்று மாதுங்காக்காரர், நம் தமிழ் ஆள். குடை, தோல் பை, நெற்றியில் வியர்வை. ஒரு மணிக்குள் திரும்ப வேண்டும் என்றார். சாயாக்கடை பெஞ்சில் உட்கார்ந்து பையிலிருந்து ஃபைலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு எங்களைப் பார்த்தார்.

"சொல்லுங்கோ. உங்களுக்கு என்ன வேணும்?"

சாலில் அறுபத்து நாலு குடும்பம் நின்றது. எல்லோருக்கும் என்ன வேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும். ஒருவர்கூட வாயைத் திறக்கவில்லை. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. 'என்ன வேணும்னு கேட்டேன்' என்று மறுபடி கேட்டார். மன்சூர் அலி தரையைப் பார்த்தார். வெயிலுமுத்து வானத்தைப் பார்த்தார். நான் பிரம்மநாயகத்தைப் பார்த்தேன்.

பிரம்மநாயகம் மூன்று காலி டம்ளரை பெஞ்சில் வரிசையாக வைத்தார். கண்ணை மூடிக்கொண்டார்.

"ஓப்பன் பண்ணினா, விடிகால. இருட்டு. ஒரு தாய் வாரா."

வாயாலேயே காற்று அடித்தார், நாய் குரைத்தார், வயலின் வாசித்தார். சொர்ணம்மாள் மண்குடத்தோடு நடந்து வந்தாள். வெயிலுமுத்து விக்கினார். குடம் உடைந்தது. சொர்ணம்மாள் விழவில்லை, விழ மாட்டேன் என்று நின்றாள். 'விழுந்துட்டா' என்று பிரம்மநாயகம் அறிவித்துவிட்டு மேலே போனார். அதிகாரி ஃபைலைத் திறந்தார், மூடினார், கைக்கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு பார்ப்பதை நிறுத்தினார். குடையை எடுத்துக் கீழே வைத்தார். கால் மணி நேரம் கழித்துக் கையை உயர்த்தி, "நிறுத்துங்கோ" என்றார்.

எங்களுக்கெல்லாம் உயிர் வந்தது. பைத்தியக்காரத்தனம் முடிந்தது, இனி ஆபீஸ் வேலை என்று நினைத்தேன்.

"வில்லன் இவ்வளவு சீக்கிரம் வரப்படாது," என்றார் சேஷகிரி.

சொல்லிவிட்டுத் தோல் பைக்குள் கையை விட்டு ஒரு நோட்டுப் புத்தகத்தை வெளியே எடுத்தார். ஓரமெல்லாம் நைந்து, ரப்பர் வளையம் போட்டது. ஏழு வருஷமாக எழுதிக்கொண்டிருக்கிறாராம். கதாநாயகன் தண்ணீர்க் குழாய் ஆபீஸில் வேலை பார்ப்பவன். ஏழு வருஷத்தில் இடைவேளையைத் தாண்டவில்லையாம்.

பிரம்மநாயகம் அவரை எப்படிப் பார்த்தார் தெரியுமா? காணாமல் போன அண்ணனைத் திருவிழாவில் கண்டுபிடித்த மாதிரி பார்த்தார். மூன்று டம்ளரையும் அவர் பக்கம் நகர்த்தினார். சேஷகிரி அதை எண்ணிப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

"மூணு போறாது ஓய். நாலு. அதுக்கப்புறம் அவன் என்ன ஆனான்னு ஒண்ணு வேணாமா?"

"கிடைச்சப்புறம் என்ன சார் கதை? சுபம் போட்டிர வேண்டியதுதான."

"அதான் தப்பு. கிடைச்சவனுக்குத்தான் கதையே ஆரம்பிக்கறது."

நாலாவது டம்ளர் வந்தது. மூன்று டம்ளர் மதத்துக்கும் நாலு டம்ளர் மதத்துக்கும் வாக்குவாதம் நடந்தது. நாங்கள் நின்றோம். வெயிலுமுத்துவை ரொம்ப நல்லவனாக மாற்றி, மன்சூர் அலியை வில்லனாக்கினால் என்ன என்று சேஷகிரி கேட்டார். அப்படியானால் தான் சாக வேண்டியதில்லையா என்று மன்சூர் அலி ஆவலோடு விசாரித்தார். கடைசியில் சாகலாம் என்று இருவரும் சேர்ந்து சொன்னார்கள். மணி பன்னிரண்டேமுக்கால் ஆனது. ஒரே ஒரு விஷயத்தில்தான் அவர்கள் இருவருக்கும் கருத்து வேற்றுமை இல்லை. அதைச் சேஷகிரியே சொன்னார்.

"இப்ப நான் சாங்க்ஷன் பண்ணிட்டேன்னு வைங்கோ, கதை முடிஞ்சுடும். ரெண்டாம் பாதிக்கு என்ன பண்ணுவேள்? இப்ப மறுக்கணும். மழைக்கப்புறம் பார்க்கலாம்னு நான் எழுதினேன்னா, அது இடைவேளை. ஜனங்கள் அப்படியே ஆடிப்போயிடுவா."

"நானும் அதத்தான் சார் சொல்லுதேன்," என்றார் பிரம்மநாயகம். அவர் கண்ணில் ஜலம் நின்றது.

ஆடித்தான் போனோம். அதிகாரி ஃபைலைத் திறந்து பேனா மூடியைக் கழற்றினார். அந்த மூடி சுழன்று சுழன்று கழன்றதை இப்போது நினைத்தாலும் எனக்குக் கோபம் வருகிறது. பேனா காகிதத்தில் படப் போகும்போது அவருக்கு ஏதோ ஞாபகம் வந்து நிமிர்ந்தார்.

"இடைவேளைன்னா ஒரு சாயா வேணுமோல்லியோ? நாலு டம்ளரும் இருக்கு. சொல்லுங்கோ."

எல்லோரும் சாயாக்கடைக்காரரைப் பார்த்தார்கள். அவர் பிரம்மநாயகத்தைப் பார்த்தார். பிரம்மநாயகம் மெல்லத் தலையை ஆட்டி, சொல்லாதே, இன்னும் இடைவேளை விடவில்லை என்று ஜாடை காட்டினார். சாயாக்கடைக்காரர் வாயை மூடிக்கொண்டார்.

சொர்ணம்மாள் முன்னால் வந்தாள். பித்தளைக் குடத்தை அதிகாரியின் முன்னால் தலைகீழாகக் கவிழ்த்தாள். ஒரு சொட்டு விழவில்லை.

"சாயா போடத் தண்ணி இல்ல ஐயா."

"சாயாவுக்குக் கூடவா?"

"சாயாவுக்கும் இல்ல, மாவுக்கும் இல்ல, பிள்ளையளுக்குக் குடிக்கவும் இல்ல. நா மூணரை மணியில இருந்து நிக்கேன். இன்னும் நிக்கேன்."

சேஷகிரி நாலு காலி டம்ளரையும் பார்த்தார். அறுபத்து நாலு குடும்பத்துக்குத் தண்ணீர் போதவில்லை என்று அவர் ஃபைலில் படித்திருக்கிறார், மாதுங்காவிலிருந்து நடந்து வரும்போது நெஞ்சில் வைத்துக்கொண்டும் வந்திருக்கலாம். ஆனால் ஒரு மனுஷன் இடைவேளையில் சாயா குடிக்க முடியாது என்று அதில் யாரும் எழுதவில்லை. அவர் நாக்கு வறண்டிருந்தது, எச்சில் விழுங்கினார்.

"இதை ஏம்மா முதல்லயே சொல்லலே?"

அறுபத்து நாலு குடும்பமும் திரும்பி பிரம்மநாயகத்தைப் பார்த்தது. சேஷகிரி கையெழுத்தைப் போட்டுவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு, சாயா கிடைக்கிற ஊரைப் பார்த்து வேகமாக நடந்தார்.

பதினோராம் நாள், செவ்வாய்க்கிழமை மத்தியானம், இரண்டு மராத்தியர்கள் குழாயும் கடப்பாரையும் கொண்டுவந்தார்கள். தோண்டினார்கள், பூட்டினார்கள், பீடி பற்றவைத்தார்கள், போனார்கள். மறுநாள் விடிகாலை புதுக் குழாயில் தண்ணீர் வந்தபோது சொர்ணம்மாள் குடத்தை வைத்துவிட்டு அழுதாள். நானும் அழுதேன், அதை மறைப்பானேன்?

பிரம்மநாயகம் அழவில்லை. இடைவேளைக்கு முன்னால் கையெழுத்துப் போட்டது செல்லாது என்றார். கதைப்படி குழாய் இன்னும் வரவில்லை என்று, பழைய குழாயில் போய் வரிசையில் நின்றார். இன்றைக்கும் அங்கேதான் நிற்கிறார். மழை பெய்தாலும் நிற்கிறார். அவர் வருவதற்குள் செண்பகவல்லி புதுக் குழாயில் இரண்டு குடம் பிடித்து வைத்துவிடுகிறாள். அவர் கொண்டுவருவதைத் துணி துவைக்க எடுத்துக்கொள்கிறாள். மனிதர் தினமும் புதுக் குழாய்த் தண்ணீரில் காப்பி குடித்துவிட்டுத்தான் ரெண்டாம் பாதியை யோசிக்க உட்காருகிறார்.

நல்ல வேளை, நமக்கு இந்த வியாதி இல்லை என்று நீங்கள் சிரித்துக்கொண்டிருக்கலாம். ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். அந்த அதிகாரி, 'சொல்லுங்கோ, என்ன வேணும்' என்று கேட்டவுடனே சொர்ணம்மாள் 'தண்ணி' என்று சொல்லி, அவரும் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போயிருந்தால், இந்தக் கட்டுரையை நீங்கள் இவ்வளவு தூரம் படித்திருப்பீர்களா? பேனா மூடி சுழன்றபோது, ஐயோ மறுத்துவிடப் போகிறாரே என்று பதறினீர்கள், சரி. அந்தப் பதற்றத்தில் கொஞ்சம் ருசி இருந்ததா இல்லையா? நானும்தான், மூன்று வரியில் மனு எழுதத் தெரிந்தவன், மூடியை எதற்கு இரண்டு தடவை சுழலவிட்டேன்? நாம் இரண்டு பேரும் கதையை ரசித்துக்கொண்டிருந்த அவ்வளவு நேரமும் சொர்ணம்மாள் காலிக் குடத்தோடு வெயிலில்தான் நின்றுகொண்டிருந்தாள்.